அஞ்சாம் பட்டன் மேல ஒரு கடுகு

ஏங்க,

ஸ்ரீவில்லிபுத்தூர்ல அம்மா வீட்டுக்குப் போறேன். சோறும் மீன் குழம்பும் மூடி வச்சிருக்கேன்.

கண்ணு தெரியாத உங்க அக்காவுக்கு, ஓட்டையில விரல விட்டுச் சுத்துற பழைய போனே போதும்னு சொன்னீக. பட்டன் போனுதான் வேணும்னு நாந்தான் சண்ட போட்டேன். தடவிக் கண்டுபிடிக்க அடையாளமா, நடுவுல இருக்குற அஞ்சாம் பட்டன் மேல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். அக்கா தடவிப் பாத்தாக.

“புருசன் போனவளுக்கு எதுக்குத் தாயி பொட்டு?”

அதுக்குப் பொறவு அவுக போனையே தொடல. எனக்கு ஏன் அது புத்தியில ஏறல?

பொட்டப் பிச்சுட்டு, கடுகு ஒண்ண ஒட்டியிருக்கேன். அவுககிட்ட மெதுவாச் சொல்லுங்க.

செண்பகம்

நம்பர நீங்க அமுக்கிக் குடுத்துறாதீக, அவுகளே போடட்டும்.

அம்மா வீட்டுப் போனுக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்.