ஐந்தரை பஸ்ஸுக்காக நீ நிறுத்திய ஜெல்

என் குமரவேலுக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன். காலில் சேற்றுப்புண்ணோடு தவளை பிடிக்கத் தா.பழூர் வயலில் இறங்காதே என்று எத்தனை முறை சொன்னேன்? “தவளை வூட்டு வாசலுக்கு வந்து நிக்குமா மாப்ள?” என்று சிரித்தாய். எலிக்காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்தாய்.

நாம் தேடியது ஒன்றைத்தான். விந்தணுவுக்குள் டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கிற புரதம் எல்லாத் தவளைக்கும் ஒன்றா, வேறா? புரதங்களை ஜெல்லில் ஏற்றிக் கரண்ட் விட்டு, மேலிருந்து கீழே கோடு கோடாகப் பிரித்துப் பார்த்தோம். “தவளைன்னா தவளைதான்யா” என்றார் நம் ஆராய்ச்சிக் கைடு. நீ மட்டும் விடவில்லை. “இல்லீங்க சார், தேரைக்கு மட்டும் ஜெல்லோட அடியில ஒரு கோடு வருது.”

யார் நம்பினோம்? ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க நீ கரண்டைப் பாதியிலேயே அணைத்துவிடுவாய். “முழுசா ஓட்டத் துப்பில்ல, கோடு வந்துச்சாம் கோடு!” என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தவன் நான். “பஸ்ஸை வுட்டா உங்கப்பனா கொண்டாந்து வுடுவாரு?” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். நான் முழு நேரம் ஓட்டினேன். கோடு இல்லை. பெருமையாகக் கொண்டுபோய்க் கைடிடம் காட்டினேன்.

போன வாரம் ஜெல் பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே சாயம் ஏற்றினேன். இருக்குதுடா! வயல் தவளைக்கு வழக்கமான ஹிஸ்டோன் புரதங்கள் மேலேயே நிற்கின்றன. தேரைக்கு அடியில், நீ சொன்ன அதே இடத்தில், புரோட்டமின். அது ரொம்பச் சின்னப் புரதம், வேகமாக ஓடும். முழு நேரம் ஓட்டினால் ஜெல்லையே தாண்டிக் கீழே இருக்கிற பஃபர் கரைசலில் இறங்கிவிடும். அந்த பஃபரைத்தான் நான் தினமும் சிங்க்கில் கொட்டினேன். கொட்டிக்கொண்டே உன்னைச் சோம்பேறி என்றேன். நீ இருக்கும்போது ஒரே ஒரு தடவை பாதியில் நிறுத்திப் பார்த்திருந்தால் என்ன கேடு எனக்கு?

இப்போது கைடு கட்டுரை எழுதிவிட்டார். முதல் பெயர் அவருடையது, அடுத்தது என்னுடையது. உன் பெயர் எங்கே என்று கேட்டேன். “செத்தவன் வந்து கையெழுத்து போடுவானாய்யா? கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுரலாம்.”

ஒரு வரியாம். சேற்றில் இறங்கியது யார்? அந்தக் கோட்டை முதலில் பார்த்தது யார்?

நாளைக்கு என்னிடம் கையெழுத்து கேட்பார். உன் பெயர் முதலில் இல்லாத தாளில் போடமாட்டேன். பட்டம் போனால் போகட்டும். முழு நேரம் ஓட்டி உன் கோட்டைத் தொலைத்தவன் நான்தான் என்பதையும் அதிலேயே எழுதவைப்பேன். இது சத்தியம்.

உன்னைச் சோம்பேறி என்ற உன் மாப்ள,
ராசு