மூச்சில் மடங்க வேண்டிய கை

மகனுக்கு,

எண்ணூர் சாலை விபத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. பைக்கை ஓட்டியவன் நீ என்று அப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அறுவை சிகிச்சையில் விலாவின் நரம்பொன்றை எடுத்து, விபத்தில் செயலிழந்த அவருடைய வலது கையில் இணைத்திருக்கிறார்கள். மூச்சை ஆழமாக இழுத்தால் முழங்கை மடங்குமாம். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் தினமும் கையை மேசைமேல் வைத்து, "இழுங்க" என்கிறேன். முகம் சிவக்க இழுக்கிறார். கை யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போலக் கிடக்கிறது. துறைமுகத்தில் அவருடைய கிரேனுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நேற்றுப் பயிற்சியின்போது லூர்து மாமா வந்தார்.

"இன்னா மாமு, கை எப்டி கீது?"

"தூங்கிகினு கீது. உன்ன மாரியே சோம்பேறி."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமா, "புள்ள போனாச்சும் பண்ணானா?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். மேசைமேல் கிடந்த கை அவர் நெஞ்சை நோக்கி விரற்கடை நகர்ந்து நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் பார்த்தேன்.

இன்று காலை எவ்வளவு இழுத்தும் அது அசையவில்லை. "இழுங்க" என்பதற்குப் பதிலாக உன் பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றியது. மனம் வரவில்லை.

அம்மா