வளவில் இல்லாத மாமரம்

முனீப் மாத்திரை போட்ட களைப்பில் உறங்கினான். எழுப்பினால் நேற்றைய சண்டை மறுபடி தொடங்கும் என்று, அவன் மனைவி றிப்கா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சீட்டு எழுதினாள்.

"அசனாட வாப்பாவுக்கு,

மீனில முள் எடுத்து வச்சிருக்கன். இடக்கையால சாப்பிட ஏலும். நானா வருவார். பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கு, குடுங்க. வழக்குப் போடமாட்டன் எண்டு எழுதி அவர் கொண்டுவாற கடதாசியில மட்டும் கையெழுத்து வைக்காதீங்க."

நானா அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வேலைக்கு ஏறி நின்ற சாரம் சரிந்து முனீப் விழுந்த கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய கொந்தராத்துக்காரரும் அவர்தான். அவருக்கு வழக்கு வந்துவிடக் கூடாதென்று, "வீட்டு மாமரத்தால விழுந்தனான்" என்று முனீப் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டான். வலக்கை இனி வேலைக்கு உதவாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஓர்ஸ் ஹில் பக்கம் இருக்கிற ஒரு லோயரிட்டப் போறன். நியமனக் கடிதம் இல்லாத நாட்கூலிக்காரரும் நட்டஈடு கேக்கலாமாம். நீங்க விழுந்ததைக் கண்ட ஹெக்டர் சாட்சி சொல்ல வாறார். நானா என்னோட கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. என்னை நினைச்சுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னீங்க எண்டு தெரியும். நேற்று அதைச் சொல்லாமல் கத்திப்போட்டன்."

சீட்டைச் சோற்றுக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். செருப்பைப் போட்ட பிறகு திரும்பி வந்து, கீழே மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"மகள் அசனா நேற்று வீட்டு வளவில ஒரு மாங்கொட்டை நட்டவள். ஏனெண்டு கேட்டன். வாப்பா விழுந்த மரம் நம்மட வீட்டில இல்லையே எண்டாள்."