சோஹாரில் மழைக்குக் காத்திருந்தேன்

அன்புள்ள அபூ யஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நலம். அங்கே ஓய்வு பெற்ற பிறகும் இந்தச் சோஹார் பள்ளியில் பாடம் நடத்தத் தொண்டை ஒத்துழைக்கிறது.

சிரிக்காமல் படியுங்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கொத்திவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபூல் அவரை விதையோடு அக்டோபர் முழுக்கக் காத்திருந்தேன். முதல் மழை விழாமல் நம் ஊர் இர்பிதில் யார் விதைப்பார்கள்? பக்கத்து வீட்டு ஷம்ஸா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், தினமும் வானத்தையே பாக்குறீங்களே, யாராவது வர்றாங்களா?"

"மழை வரட்டும்னு இருக்கேன். வந்தாத்தானே விதைக்கலாம்."

"நல்லாப் போச்சு. இங்க மழைய நம்புனா உங்க பேரனோட பேரன்தான் வந்து விதைக்கணும். வெயில் தணிஞ்சுதா, குழாயத் தொறந்தோமான்னு இருங்க."

மணியே இல்லாத பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்த பிள்ளையின் கதைதான் என்னுடையது. அன்றே விதைத்தேன். எட்டாம் நாள் முளை கண்டதும், "இங்க வந்து பாருங்க" என்று, நீங்கள் உள்ளே இருக்கிற நினைப்பில், வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன்.

அங்கே மழை பெய்துவிட்டதாம். ஒற்றை ஆளுக்கு எதற்குத் தோட்டம் என்று நீங்கள் விதைக்காமல் இருப்பதாக நம் மகன் யஸன் சொன்னான். குனிய முடியாவிட்டால் முக்காலியில் உட்கார்ந்தாவது, ஈரம் காய்வதற்குள் ஒரு வரிசை போடுங்கள். பெருநாள் விடுமுறைக்கு நான் வரும்போது காய் பிஞ்சாக இருக்கும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஸஅதர் பொடி கொடுத்தனுப்புங்கள்.

பள்ளி வேன் வந்துவிட்டது. விதையை இரண்டு பேர் கணக்கில் போடுங்கள்.

உங்கள்
ரஈஃபா