ஏழுமலைக்கு இழை கட்டத் தெரியாது

எனக்குத் தலைபின்னி, பூ வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பிய என் சரளா அக்காவுக்கு,

நேற்று உன் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை வெட்டிவிட்டேன். ஒரு இழைகூட விடவில்லை. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் பாவில் கத்தரி வைப்பாளா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். உனக்கும் கோபமா?

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இங்கே எல்லோரும் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார்கள். அதனால் மறுபடி சொல்கிறேன்.

சேவூரில் நெசவாளர்களுக்குத் திறன் பயிற்சி வைத்தார்கள். கடைசி நாள் தேர்வு, தேறியவருக்குச் சர்ட்டிபிகேட். நீ, நான், உன் புருஷன் ஏழுமலை மூன்று பேரும் ஒரே பேட்ச். தேர்வு அதிகாரி ஏழுமலை உட்கார்ந்த தறியில் நாலைந்து பாவு இழைகளை வெட்டிவிட்டு, "கட்டுங்க" என்றார். நம் வீடுகளில் ஆணும் பெண்ணும் நெய்தாலும், அறுந்த இழையைக் கட்டுவது பெண்ணின் வேலைதான். அவன் "ஏய்" என்றால் நீ அடுப்பை அப்படியே விட்டு ஓடி வருவாய். அந்தப் பழக்கத்தில் அன்றும் திரும்பி, "ஏய் சரளா!" என்று கூப்பிட்டான்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. அவன் தேறவில்லை. நாம் இரண்டு பேரும் தேறினோம். உனக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உன் முடியைப் பிடித்தான். "என் மானத்த வாங்கிட்டு இளிச்சிகினு வர்றியாடி?" தறிக்காலில் உன் தலையை மோதினான். குறுக்கே விழுந்த என்னை வயிற்றில் உதைத்தான். நான் எழுவதற்குள் மறுபடி மோதினான், மறுபடியும். நெய்பவர் கால் இறக்கும் தறிக்குழிக்குள் நீ சரிந்தபோது மாலை கழுத்திலேயே கிடந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேனே, காதில் விழுந்ததா?

இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். நேற்று தெருப் பெரியவரும் அம்மாவும் என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நீ பாதி நெய்த மயில்கழுத்து நிறப் புடவை தறியிலேயே இருந்தது.

"கால் தவறி குழியில வுழுந்துட்டாள்னு சாட்சி சொல்லிடும்மா. அக்கா போன வூட்டுக்குத் தங்கச்சி போறது நம்மள்ல வழக்கம்தானே? ஜல்தியா முடிச்சிக்கலாம்" என்றார் பெரியவர்.

"போனவ திரும்பி வரப்போறாளா? இருக்கறவனோட பொழச்சிக்கோடி" என்று அழுதாள் அம்மா.

ஏழுமலை தறியில் போய் உட்கார்ந்தான். தறிப் பலகையை இரண்டு தரம் தட்டினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "ஏய், ஒரு இழை அறுந்துகீது. வந்து கட்டு."

ஆணியில் மாட்டியிருந்த கத்தரியை எடுத்தேன். முதலில் அவன் கழுத்தைத்தான் பார்த்தேன், உன்னிடம் மறைப்பானேன்? திரும்பிப் பார்த்த அவன் முகம் வெளுத்தது. அப்புறம்தான் பாவில் இறக்கினேன். பட்டு லேசில் அறுபடுமா? இழுத்து இழுத்து அறுத்தேன். என் விரலும் சேர்ந்து கிழிந்தது, புடவையெல்லாம் ரத்தம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வெட்டி முடித்துவிட்டு, "இப்ப கட்டுடா" என்றேன்.

அவன் கையை ஓங்கினான். பெரியவர் பாய்ந்து பிடித்தார். "டேய், கேஸு நடக்குதுடா!" அவ்வளவுதான் அக்கா அவர்களுடைய நியாயம். உன்னை அடித்தபோது கேஸ் இல்லை, அதனால் யாரும் கையைப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை திருவண்ணாமலை கோர்ட்டில் என் சாட்சி. அவன் பக்கத்து வக்கீல் உன்னைப் பற்றி என்னென்னவோ கேட்பார் என்கிறார்கள். போலீஸ் காகிதத்தில் உன் தொழில் என்று எழுதும் இடத்தில் "வீட்டு வேலை" என்று இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. அம்மா என்னோடு வர மாட்டாள், தனியாகத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆனாலும் ஏறுவேன். கூண்டில் நின்று அவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்: "என் அக்கா குழியில் விழவில்லை. அவள் நெசவாளி. அதற்காகத்தான் இவன் கொன்றான்." குரல் நடுங்கினாலும் பாதியில் நிறுத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அவனுக்கு எந்த உறவும் இல்லாதவள்,
தேவகி