நீ பூசிய கடைசித் துண்டு

காலையில் ஈரம் புகாத கண்ணாடி ஜாடியைத் திறந்தேன். மூடியில் தடவிய கிரீஸின் வாடை. அந்த வாடைக்கே நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. உள்ளே ஒரு சின்ன டப்பியில் நகம் அளவு டைட்டானியக் கலவைத் துண்டு. அதன்மேல் நீ ஏற்றிய வெள்ளைப் படலம். டப்பியில் ஒட்டிய சீட்டில் உன் கோணல் எழுத்து: 'அவசரக்காரன் தொடாதே.'

தொடத்தான் வந்திருந்தேன். நீ போன பிறகு மிஞ்சியது அது ஒன்றுதான். நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் போன வாரமும் சொன்னார்: "அதையும் டெஸ்ட் பண்ணிடுப்பா. முன்ன அவன் பூசுனதெல்லாம் நின்னுச்சு, சரி. இதுவும் நின்னாதான் நம்புவாங்க. உங்க ரெண்டு பேரு பேப்பர் ஆச்சே." படலத்தின் பிடிப்பைச் சோதித்தால் அது பாழாகும். சோதிக்காவிட்டால், மெதுவாகப் பூசினால்தான் நிற்கும் என்று நீ சொன்னது வெறும் பேச்சாகவே போய்விடும். எதையும் தள்ளிப்போடாத நான் இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நம் சண்டையெல்லாம் கரன்ட் திருகைப் பற்றித்தான். கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த நீரில் துண்டைத் தொங்கவிட்டு, மைனஸ் முனையில் இணைத்து, கரன்ட் விடுவோம். எலும்பில் இருக்கும் அதே சரக்கு உலோகத்தின்மேல் படியும். உடம்புக்குள் வைத்தால் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும். நான் திருகைக் கூட்டுவேன். சீக்கிரம் வெளுக்கும். நீ குறைப்பாய்.

"இன்னாடா அவசரம்? எங்க தாமல் ஏரி ஒடைஞ்சிடுச்சா?"

"பஸ்ஸை விட்டா ஏனாத்தூர்லேர்ந்து நடந்துதான்டா போவணும்."

"நட. குமிழி எப்படி வந்துக்கினு இருக்குது பாரு! அத்தினியும் ஓட்டையாவும். யாரோ பெரியவரு இடுப்புல போற சாமான்டா. உள்ள உரிஞ்சிச்சின்னா அவரு இன்னா, உன்னாண்ட வந்து கம்ப்ளெயின்ட் குடுப்பாரா?"

பிறகு உன் பைக்கிலேயே பெரிய காஞ்சிபுரம் வரை கொண்டுவந்து விடுவாய், வழியெல்லாம் திட்டிக்கொண்டே. பட்டுக்கடை வெளிச்சத்தில் என்னை இறக்கிவிட்டு, கை காட்டாமல் தாமலுக்குப் போய்விடுவாய்.

காய்ச்சல் என்று லீவு சொன்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

இன்று முதலில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய தகடுகள், இடைவெளியில்லாமல் நெருங்கி நின்றன. குமிழி விட்ட ஓட்டையைத் தேடினேன், அகப்படவில்லை. என்னுடையவை எல்லாம் அம்மைத் தழும்பு முகங்கள்தான். பிறகு கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டினேன். "மெதுவா இழுத்தா டேப்பு பொய் சொல்லும்" என்பாயே. எல்லாவற்றிலும் நிதானமான நீ அதில் மட்டும் ஒரே இழுப்பு. நானும் இழுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

டேப்பில் கீறல் ஓரத்துத் தூள் மட்டும். கட்டங்கள் அப்படியே இருந்தன.

மேடம் வாங்கிப் பார்த்தார். "நின்னுடுச்சே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டப்பியிலிருந்து அந்தச் சீட்டைக் கிழியாமல் உரித்தெடுத்தேன். அவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்ததோ. கரன்ட் திருகுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்டா. இப்போதும் கை அங்கே போகிறது. சீட்டைப் படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன். பஸ் போனால் போகட்டும்.