கண்டிக்கோட்டை விளிம்பில்

2008 ஜனவரி 19, சனி.
கண்டிக்கோட்டை, ஆந்திரா.

திண்டுக்கல்லிலிருந்து என் வீட்டுக்காரரின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். பல ஊர்ப் புல்லட்காரர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள். செம்பாறை இரண்டாகப் பிளந்து கிடக்க, அடியில் ஆறு ஓடுகிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் விளிம்புப் பாறையில் படம் எடுக்கப் போனார்கள். "அண்ணே, நீங்கதான் நடுவுல நிக்கணும்" என்று எங்கள் ஊர்க்காரர்கள் இவரை இழுத்தார்கள். நாலடி வைத்தவர் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டுகிற மனிதர்! கொடைக்கானலில் பள்ளத்தாக்கு பார்க்கப் போகும்போதெல்லாம், "நீ போயி பாத்துட்டு வா, நான் வண்டிகிட்ட நிக்கிறேன்" என்பாரே, அது இதனால்தானா?

"எனக்குத் தலை சுத்துது தம்பி. இவரு என்கூட இருக்கட்டும்" என்றேன்.

"அண்ணிக்கு இம்புட்டு பயமா!" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

கூடாரத்துக்கு வந்தபிறகு, "ஏன் ஸ்டெல்லா அப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சும்மாதான். எப்பருந்துங்க இப்படி?"

"தெரியல" என்றவர், "கீழ எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"நானும் பாக்கலையே. காலையில ஆளுக எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போயி பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நானும் வாரேன். கடைசில தவழ்ந்துதான் வருவேன். நீ சிரிக்கக் கூடாது."

இப்போதே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். தூங்கியும் விட்டார். எனக்குத்தான் எப்போது விடியும் என்றிருக்கிறது.